ஒற்றை அணுவின் காந்தம் எத்தனை நேரம் நிற்கும்?

தங்கச்சிமடத்தில் எங்கள் சித்தப்பாவின் வல்லத்தில், என்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு காந்தம் தொங்கும். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய கறுப்பு வளையம், நைலான் கயிற்றில் கட்டியது. ஸ்பானரோ போல்ட்டோ தண்ணீரில் விழுந்துவிட்டால் கயிற்றை இறக்கி எடுத்துவிடுவார். போன சித்திரையில் அது கரையில் கல் மேல் விழுந்து இரண்டாக உடைந்தது. இரண்டு துண்டும் ஆணியை இழுத்தன. சித்தப்பா ஒரு துண்டைச் சுத்தியலால் தட்டினார். தெறித்த சில்லுகளும் ஆணியில் போய் ஒட்டிக்கொண்டன.

"ஏப்பா, நீ காலேஜுல இதத்தான சொல்லிக்குடுக்குற. இப்படி உடைச்சுக்கிட்டே போனா எதுவரைக்கும் காந்தமா இருக்கும்?"

"கடைசி ஒரு அணு வரைக்கும் இருக்கும் சித்தப்பா."

"சரி. அந்த ஒத்த அணு வடக்கு தெக்கு மாறாம நிக்குமா? நின்னா எம்புட்டு நேரம் நிக்கும்?"

முதல் கேள்விக்குப் பள்ளிப் பாடத்தில் பதில் இருக்கிறது. இரண்டாவது கேள்வியை உலகத்தின் மிகச் சிறந்த ஆய்வகங்கள் சில இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் துரத்திக்கொண்டிருக்கின்றன. அன்று கரையில் உட்கார்ந்து அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

எலெக்ட்ரானுக்கு மின்னூட்டம் இருப்பதுபோல ஸ்பின் என்று ஒரு குணமும் உண்டு. பாடநூல்களில் தற்சுழற்சி என்று போடுவார்கள். பம்பரம்போல எலெக்ட்ரான் தன்னைத் தானே சுற்றுகிறது என்று மனதில் படம் போட்டுக்கொண்டால் பின்னால் குழப்பம்தான் வரும். ஒவ்வோர் எலெக்ட்ரானும் பிறவியிலேயே ஒரு குட்டிக் காந்த ஊசி என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும். பெரும்பாலான பொருள்களில் இந்த ஊசிகள் ஜோடி ஜோடியாக எதிரெதிர்ப் பக்கம் பார்த்து நின்று ஒன்றின் காந்தத்தை மற்றொன்று ஈடுகட்டிவிடும். இரும்பு, கோபால்ட், மாங்கனீசு, ஹோல்மியம் போன்ற சில அணுக்களில் மட்டும் ஜோடி கிடைக்காத எலெக்ட்ரான்கள் மிஞ்சி நிற்கும். அவைதான் அந்த அணுவைக் காந்தம் ஆக்குகின்றன.

ஸ்பீக்கர் காந்தத்தில் இப்படிக் கோடானுகோடி அணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒன்று தடுமாறினால் அக்கம்பக்கத்து அணுக்கள் அதை இழுத்து நேராக்கிவிடும். தனி அணுவுக்கு அந்தத் துணை கிடையாது. வெற்றிடத்தில் மிதக்கும் ஒற்றை அணுவுக்கு மேல் எது, கீழ் எது என்பதே தெரியாது. அதை ஓர் உலோகப் பரப்பின் மேல் வைத்துவிட்டால் நிலைமை மாறுகிறது. கீழே அணுக்கள், மேலே வெற்றிடம். கீழேயுள்ள அணுக்களின் மின்புலம் நம் அணுவின் எலெக்ட்ரான் மேகத்தை ஒரு வடிவத்துக்குள் அமுக்குகிறது. அந்த மேகத்தோடு ஸ்பின் பிணைந்திருப்பதால் ஸ்பின்னுக்கும் பிடித்த திசை ஒன்று வந்துவிடுகிறது. பெரும்பாலும் "நேர் மேலே" அல்லது "நேர் கீழே" என்று இரண்டு நிலைகள். மேலிருந்து கீழே புரள வேண்டுமென்றால் நடுவில் ஒரு மேட்டை ஏறி இறங்க வேண்டும். இதைத் திசைப்பிடிப்பு என்று சொல்கிறேன்.

2003இல் பிளாட்டினத்தின் மேல் தனித்தனியாகச் சிதறிய கோபால்ட் அணுக்களில் இந்தத் திசைப்பிடிப்பை அளந்தார்கள். அணு ஒன்றுக்குச் சுமார் 9 மில்லி எலெக்ட்ரான்வோல்ட் (அணு உலகத்தில் ஆற்றலை அளக்கும் அலகு). தனி அணுவுக்கு அது எதிர்பாராத பெரிய அளவு. நம் ஊர் வெயிலில் வெப்பத்தின் உதைப்பு சுமார் 25 மில்லி எலெக்ட்ரான்வோல்ட், அதனால் இங்கே அந்த மேடு தாங்காது. ஆனால் திரவ ஹீலியத்தைக் கொண்டு இதற்குக் கீழே குளிரவே முடியாது என்ற தனிச்சுழி வெப்பநிலைக்குப் பக்கத்தில், 0.3 கெல்வின்வரை (கெல்வின் என்பது தனிச்சுழியிலிருந்து எண்ணும் டிகிரி) குளிர்வித்துவிட்டால் வெப்பத்தின் உதைப்பு மேட்டின் உயரத்தில் முந்நூறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். வெப்பக் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்த அணு பிரபஞ்சத்தின் வயதைத் தாண்டியும் திசை மாறாமல் நிற்க வேண்டும்.

நிற்கவில்லை. 2008இல் ஹாம்பர்க் ஆய்வாளர்கள் அதே கோபால்ட்-பிளாட்டினம் ஜோடியை 0.3 கெல்வினில் ஒவ்வொரு அணுவாகத் தொட்டுப் பார்த்தார்கள். வெளிக் காந்தப்புலம் இருக்கும்போது அணு அந்தப் பக்கம் பார்த்தது. புலத்தை எடுத்ததும் எந்தப் பக்கம் பார்த்தோம் என்பதையே மறந்துவிட்டது. அந்தக் குளிரில் அதைப் புரட்டுவது வெப்பமில்லை என்றால் வேறு என்ன? மொத்த விஷயமும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

இங்கே எங்கள் ஊர்க் கடலைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தனுஷ்கோடி சாலையில் போனவர்களுக்குத் தெரியும்: ஒரு பக்கம் பாக் நீரிணை, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா. வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்போம், தெற்கே இருப்பதை ஆண் கடல் என்போம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தெற்கே அலை உடைந்து சீறிக்கொண்டிருக்கும். கூப்பிடு தூரத்தில் வடக்கே தண்ணீர் குளம்போலக் கிடக்கும். ஒரே வல்லம், ஒரே நங்கூரம், ஒரே கயிறு. தெற்கே கட்டினால் அணியம், அதாவது வல்லத்தின் முன்பக்கம், ஒரு நிமிடம் ஒரு பக்கம் பார்க்காது. வடக்கே கட்டினால் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும்.

உலோகமும் ஒரு கடல். தாமிரமோ பிளாட்டினமோ வெள்ளியோ, அதன் வெளி எலெக்ட்ரான்கள் எந்த அணுவுக்கும் சொந்தமில்லாமல் உள்ளே முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். மின்சாரம் பாய்வது அதனால்தான். இந்த எலெக்ட்ரான் கடலின் மேல்தட்டில்தான் நம் காந்த அணு உட்கார்ந்திருக்கிறது. ஓடிவரும் எலெக்ட்ரானுக்கும் ஸ்பின் உண்டு. அது அணுவை உரசிப் போகும்போது இரண்டும் ஸ்பின்னை மாற்றிக்கொள்ள முடியும். எலெக்ட்ரான் கீழிருந்து மேலாகப் புரண்டால், அணு ஒரு படி கீழே இறங்கும். கணக்கு ஈடாகிவிடும், ஆனால் அணு தன் திசையில் ஒரு படியை இழந்துவிட்டது. இப்படி ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குச் சரிந்து, சுற்றுப்புறத்தோடு சமநிலைக்கு வந்து சேர்வதைத்தான் ஸ்பின் தளர்வு என்கிறோம். அதற்கு ஆகும் சராசரி நேரம் தளர்வுக் காலம்.

இதில் இரண்டு விதம் உண்டு, பலரும் குழப்பிக்கொள்வது இங்கேதான். முதல் விதத்தில் கடல் அணுவை உதைக்கிறது. உதைக்கும் அளவுக்குச் சக்தி உள்ள எலெக்ட்ரான்கள் வெப்பத்தால்தான் உண்டாகும். ஆகவே வெப்பநிலையைக் குறைத்தால் உதையும் குறையும். உலோகத்துக்குள் இருக்கும் அணுக்கருக்களின் ஸ்பின்னுக்கு இதே மாதிரிக் கணக்கை 1950இலேயே கொரிங்கா என்ற டச்சு இயற்பியலாளர் போட்டுவிட்டார்: தளர்வின் வேகம் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும், பிணைப்பின் வலுவுக்கு இருமடி விகிதத்தில் இருக்கும். இரண்டாவது விதம் வேறு. அணு ஏற்கனவே மேல் ஆற்றல் நிலையில் இருக்கிறது என்று வையுங்கள். அது கீழே இறங்கும்போது விடும் ஆற்றலை வாங்கிக்கொள்ளக் கடல் எப்போதும் தயார்; ஒரு எலெக்ட்ரான் அந்த ஆற்றலை எடுத்துக்கொண்டு மேலே போய்விடும். இதற்கு வெப்பமே தேவையில்லை. எவ்வளவு குளிரவைத்தாலும் இந்தக் கசிவு நிற்காது.

வெறும் தாமிரத்தின் மேல் இரும்பு அணு எவ்வளவு நேரம் தாங்கும்? 2011இல் வெளிவந்த அளவீட்டின்படி, கிளர்ந்த நிலையில், அதாவது தட்டிவிட்டு மேல் ஆற்றலுக்கு ஏற்றிய நிலையில், சுமார் 200 ஃபெம்டோ விநாடி. ஒரு விநாடியைப் பத்து லட்சம் கோடி கூறாக்கினால் அதில் ஒரு கூறு நூறு ஃபெம்டோ விநாடி, அதுபோல இரண்டு. ஒளிகூட அந்த நேரத்தில் ஒரு தலைமுடியின் பருமன் அளவுதான் நகரும். அந்த 200 ஃபெம்டோ விநாடியை ஒரு விநாடியாக இழுத்துப் பெரிதாக்கினால், நம்முடைய ஒரு விநாடி ஒன்றரை லட்சம் ஆண்டுக்கு மேல் நீளும்.

இவ்வளவு குறுகிய நேரத்தை எந்தக் கடிகாரம் வைத்து அளந்தார்கள் என்று சித்தப்பா கேட்டார். கடிகாரம் வைத்து அளக்கவில்லை. கோயில் மணியை அடித்துவிட்டு விட்டால் "ஓம்" என்று தெளிவான சுரம் நெடுநேரம் கேட்கும். அடித்த உடனே கையால் பொத்தினால் "டொக்" என்று ஒரு சத்தம், அதில் சுரம் எது என்றே பிடிபடாது. அணுவும் அப்படித்தான். ஒரு நிலை எவ்வளவு குறுகிய காலம் உயிரோடு இருக்கிறதோ, அதன் ஆற்றல் அவ்வளவு மங்கித் தெரியும். மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றிக்கொண்டே போனால், ஸ்பின்னைப் புரட்டத் தேவையான ஆற்றல் வரும் இடத்தில் மின்னோட்டம் ஒரு படி ஏறும். அந்தப் படி கத்தியால் வெட்டியதுபோல இருக்கிறதா, மழுங்கி இருக்கிறதா என்று பார்த்து ஆயுளைக் கணிக்கிறார்கள். தாமிரத்தின் மேல் இரும்பு காட்டிய படி நன்றாக மழுங்கிய படி.

மின்னோட்டம் என்றேனே, அதை அளக்கும் கருவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1981இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஜூரிக் ஆய்வகத்தில் பின்னிக்கும் ரோரரும் எஸ்டிஎம் என்ற நுண்ணோக்கியை உருவாக்கினார்கள். 1986இல் நோபல் பரிசும் வாங்கினார்கள். அதில் வில்லை கிடையாது. நுனியில் ஒற்றை அணு மட்டும் துருத்தி நிற்கும் உலோக ஊசியை, பரப்பைத் தொடாமல், சில அணு அகலம் மட்டும் இடைவெளி விட்டு நகர்த்துவார்கள். குவாண்டம் விதிப்படி அந்த இடைவெளியை எலெக்ட்ரான்கள் துளைத்துக் கடக்கும். ஊசி ஒரு சிறிது நெருங்கினாலும் மின்னோட்டம் மளமளவென்று ஏறும், அதனால் கண் தெரியாதவர் விரலால் எழுத்தைத் தடவிப் படிப்பதுபோல அணு அணுவாகப் பரப்பைப் படிக்கலாம். ஊசி நுனியையும் காந்தமாக்கிவிட்டால் இன்னொரு லாபம்: நுனியும் அணுவும் ஒரே பக்கம் பார்த்தால் மின்னோட்டம் கூடும், எதிர்ப்பக்கம் பார்த்தால் குறையும். அணு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று இப்படித்தான் தெரியவருகிறது.

ஆயுள் நானோ விநாடிகளைத் தாண்டினால் நேரடியாகவே அளக்கலாம். 2010இல் ஐபிஎம்மின் கலிஃபோர்னியா ஆய்வகத்தில் செய்தது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. முதலில் வலுவான ஒரு மின் துடிப்பு, அது ஸ்பின்னைத் தட்டிவிடும். பிறகு பலவீனமான இரண்டாவது துடிப்பு, அது ஸ்பின் இன்னும் தட்டிய நிலையில் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும். இரண்டுக்கும் நடுவே விடும் இடைவெளியை மாற்றி மாற்றி, கோடிக்கணக்கான முறை திரும்பத் திரும்பச் செய்து சராசரி எடுக்க வேண்டும். இடைவெளி கூடக் கூட, தட்டிய நிலையிலேயே இருப்பவை குறைந்துகொண்டு வரும். அந்தச் சரிவுதான் தளர்வுக் காலத்தைச் சொல்கிறது. தாமிர நைட்ரைடு படலத்தின் மேல் ஓர் இரும்பு அணுவும் ஒரு தாமிர அணுவும் சேர்ந்த ஜோடிகளில் 50 முதல் 250 நானோ விநாடிவரை கிடைத்தது.

200 ஃபெம்டோ விநாடி எங்கே, 200 நானோ விநாடி எங்கே! பத்து லட்சம் மடங்கு. நடுவில் வந்தது ஒரே ஓர் அணு தடிமன் உள்ள படலம்.

தூத்துக்குடியிலிருந்து பாம்பன்வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றைச் சுற்றிப் பவளப் பார், அதாவது பவளப் பாறைத் திட்டு. ஆழ்கடலிலிருந்து வரும் அலை பாரில் மோதி நுரைத்து உடையும். பாருக்கு உள்ளே தண்ணீர் அடங்கி இருக்கும். கச்சான் நேரத்தில் அதைப் பார்த்தவர்களுக்கு மின்கடத்தாப் படலத்தின் வேலையை விளக்கத் தேவையே இல்லை. உலோகத்துக்கும் காந்த அணுவுக்கும் நடுவே, எலெக்ட்ரான் சுதந்திரமாக ஓட முடியாத ஒரு பொருளை மெல்லியதாக விரித்துவிடுகிறார்கள். கடல் கீழே இருக்கிறது, ஆனால் அலை மேலே முழு வேகத்தில் வராது. படலம் மிக மெல்லியதாக இருப்பதால் ஊசியின் மின்னோட்டம் மட்டும் துளைத்துப் போய்விடும். படலம் இன்னும் தடித்திருந்தால் அந்த மின்னோட்டமும் நின்றுவிடும், அணுவைப் பார்க்கவே முடியாது.

இதற்கு வாய்த்த பொருள் மெக்னீசியம் ஆக்சைடு. வெள்ளியின் மேல் அதை இரண்டு, மூன்று, நான்கு அணு அடுக்காக வளர்க்கலாம். அடுக்கு ஒன்று கூடும்போது எலெக்ட்ரான் கடலோடு உள்ள பிணைப்பு கூட்டல் கணக்கில் குறைவதில்லை, வகுத்தல் கணக்கில் குறைகிறது. ஒவ்வோர் அடுக்கும் முந்தியதைப் பல மடங்காகச் சுருக்கும். 2017இல் இந்தப் பரப்பின் மேல் இரும்பு அணுவின் தளர்வுக் காலத்தை அடுக்கின் தடிமனைக் கொண்டே மாற்றிக் காட்டினார்கள்; அது மில்லி விநாடிகளுக்கு ஏறியது. வெறும் தாமிரத்தின் மேல் கிடைத்த 200 ஃபெம்டோ விநாடியோடு ஒப்பிட்டால் ஒரு மில்லி விநாடி ஐந்நூறு கோடி மடங்கு. இரும்பு அதே இரும்பு. நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால், படலம் அலையைத் தடுப்பதோடு மட்டும் நிற்கவில்லை. இரும்பின் அடியில் உட்காரும் ஆக்சிஜன் அணு, மேல்-கீழ்த் திசைப்பிடிப்பையும் உயர்த்திவிடுகிறது. 2014இல் இதே பரப்பில் கோபால்ட் அணுவின் திசைப்பிடிப்பு சுமார் 58 மில்லி எலெக்ட்ரான்வோல்ட் என்று கண்டார்கள். அந்த வகை அணுவுக்கு இயற்கை அனுமதிக்கும் உச்சவரம்பே ஏறக்குறைய அதுதான். அப்படியிருந்தும் தளர்வுக் காலம் ஒரு மில்லி விநாடியைக்கூட எட்டவில்லை, சில நூறு மைக்ரோ விநாடிதான்.

மேடு உயரமாக இருக்கிறது, அலையும் அடங்கிவிட்டது. பிறகும் எங்கிருந்து கசிகிறது?

மேட்டை ஏறாமலே மறுபக்கம் போய்விடும் குவாண்டம் குறுக்குவழி ஒன்று இருக்கிறது. மேல் நிலையும் கீழ் நிலையும் ஒன்றோடொன்று கலந்துவிட்டால், அணு எதன்மேலும் ஏறாமல் இங்கிருந்து அங்கே நழுவிவிடும். கலக்குமா கலக்காதா என்பதை அணு உட்கார்ந்திருக்கும் இடத்தின் வடிவம் முடிவு செய்கிறது. இந்தப் பகுதிதான் எனக்கு எப்போதும் வியப்பு தருவது, ஏனென்றால் இதற்கு மூன்றாம் வகுப்பு வகுத்தல் போதும்.

பனங்காயைச் சீவிப் பார்த்தால் மூன்று கண் தெரியும். மூன்றில் ஒரு பங்கு சுற்றினால் முன்போலவே இருக்கும். பிளாட்டினத்தின் ஒருவகைப் பரப்பில் மூன்று அணுக்களுக்கு நடுவே உள்ள பள்ளமும் இதே மாதிரி முக்கண் வடிவம்தான். ஹோல்மியம் அணுவுக்கு இருக்கக்கூடிய ஸ்பின் படிகளை +8, +7, +6 என்று தொடங்கி −8 வரை எண் போட்டு எழுதலாம், மொத்தம் 17 படி. முக்கண் வடிவம் உள்ள இடத்தில், தங்களுக்குள் மூன்று மூன்றாக வித்தியாசப்படும் படிகள்தான் கலக்க முடியும். இப்போது கணக்குப் போடுங்கள். +8க்கும் −8க்கும் வித்தியாசம் 16. மூன்றால் வகுபடாது, ஆகவே கலக்காது, வழி அடைப்பு. +6க்கும் −6க்கும் வித்தியாசம் 12. வகுபடும், வழி திறந்துவிட்டது.

2013இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் பிளாட்டினத்தின் மேல் ஹோல்மியம் அணுவை வைத்துப் பார்த்து, அது +8, −8 நிலையில் இருக்கிறது, வடிவத்தின் காவலால் நிமிடக் கணக்கில் திசை மாறாமல் நிற்கிறது என்று அறிவித்தார்கள். வெறும் உலோகத்தின் மேல், பார் இல்லாத ஆண் கடலில், நிமிடக் கணக்கு! படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த ஆண்டே எக்ஸ்-கதிர் கொண்டு சோதித்த இன்னொரு குழு, அடிமட்ட நிலை 8 அல்ல, 6 என்றது. 6 என்றால் மேலே போட்ட கணக்குப்படி காவல் போய்விட்டது. 2016இல் மூன்றாவது குழு அதே அணுவைக் காந்த ஊசியால் கவனமாகத் தேடிப் பார்த்து, ஸ்பின்னின் அடையாளமே கிடைக்கவில்லை என்று எழுதியது. முதல் அறிவிப்பைத் தூக்கிப் போட வேண்டிய குப்பையாக நான் நினைக்கவில்லை. வடிவம் காவல் காக்கும் என்ற கருத்து நின்றுவிட்டது; அந்த அணு அந்த இடத்தில் எந்தப் படியில் நிற்கிறது என்பதில்தான் பிசகு. ஒரு எண் இரண்டு கூடக் குறைய ஆனதில் நிமிடம் எங்கேயோ போய்விடுகிறது என்றால், இது எவ்வளவு நுணுக்கமான வேலை என்று பாருங்கள்.

ஏன் எல்லோரும் ஹோல்மியத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்றால், அதற்கும் பனங்காய்தான் பதில். இரும்பிலும் கோபால்ட்டிலும் காந்தத்தைத் தரும் எலெக்ட்ரான்கள் அணுவின் வெளிப்புறத்தில் இருக்கின்றன. அக்கம்பக்கம் என்ன நடந்தாலும் அவற்றில் படும். ஹோல்மியம், டிஸ்ப்ரோசியம் போன்ற அருமண் அணுக்களில் காந்தத்தைத் தரும் 4எஃப் எலெக்ட்ரான்கள், நார்க்கட்டுக்குள் நுங்கு இருப்பதுபோல, மற்ற எலெக்ட்ரான் அடுக்குகளுக்கு உள்ளே பத்திரமாக இருக்கின்றன. ஓடும் எலெக்ட்ரான்கள் மட்டையைத் தட்டும், நுங்கைத் தொடுவது கடினம்.

இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும்? நுங்குபோல உள்ளே பொதிந்த ஹோல்மியத்தை, பார்போல அலையைத் தடுக்கும் மெக்னீசியம் ஆக்சைடின் மேல் வைத்தால்? 2016இல் சுவிட்சர்லாந்தின் லௌசான் நகரத்துக் குழு அதைத்தான் செய்தது. 10 கெல்வினில் 1500 விநாடி, அதாவது இருபத்தைந்து நிமிடம். காந்தப்புலத்தை எடுத்த பிறகும் 30 கெல்வின்வரை காந்தம் மிஞ்சி நின்றது. ஒரு குழம்புக்குப் புளி கரைத்து, மீன் போட்டு, கொதித்து இறக்குகிற நேரம் ஓர் ஒற்றை அணு தான் பார்த்த பக்கத்தை மறக்காமல் இருக்கிறது. வெள்ளியின் மேல் படிந்த இந்தப் படலத்துக்கு இன்னொரு நன்மையும் உண்டு. பரப்பின் அணுக்கள் அதிர்வதும் ஸ்பின்னைத் தட்டிவிடக்கூடிய ஒரு வழிதான். மெக்னீசியம் ஆக்சைடு இறுக்கமான பொருள். இந்தக் குளிரில் ஸ்பின்னைத் தொந்தரவு செய்யும் அதிர்வுகள் அதில் குறைவு.

அந்த அளவீடு பரப்பில் சிதறிக் கிடந்த ஏராளமான தனி அணுக்களின் கூட்டுச் சராசரி. ஒவ்வோர் அணுவாகப் படிப்பதில் ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. ஊசியிலிருந்து ஒரு பிகோ ஆம்பியர் மின்னோட்டம் விட்டாலே விநாடிக்கு அறுபது லட்சத்துக்கு மேல் எலெக்ட்ரான்கள் அணுவின் வழியாகப் பாயும். திசையைப் பார்க்கப் போன கையே திசையைப் புரட்டிவிடலாம். 2017இல் ஐபிஎம்மின் கலிஃபோர்னியா ஆய்வகத்தில் இதற்கு இரண்டு வழி கண்டார்கள். மின்னழுத்தத்தைக் குறைவாக வைத்தால் ஹோல்மியம் புரளாது, அப்போது படிக்கலாம். உயர்த்தினால் புரளும், அப்போது எழுதலாம். இரண்டாவது வழி இன்னும் அழகு: ஹோல்மியத்தைத் தொடவே தொடாமல், சில நானோமீட்டர் தள்ளி ஓர் இரும்பு அணுவை வைத்து, அந்த இரும்பின் ஒத்ததிர்வு, அதாவது அதன் ஸ்பின் எந்த அதிர்வெண்ணுக்கு இசைந்து புரள்கிறது என்பது, எவ்வளவு இடம் பெயர்கிறது என்று பார்த்தார்கள். ஹோல்மியம் மேலே பார்த்தால் ஒரு பக்கம், கீழே பார்த்தால் மறுபக்கம். திசைகாட்டிக்குப் பக்கத்தில் கத்தியைக் கொண்டுபோனால் முள் விலகுமே, அதே வித்தை, அணு அளவில். ஹோல்மியத்தின் காந்தத் திருப்புத்திறனையும், அதாவது அந்தக் குட்டிக் காந்தத்தின் வலுவையும், அதைக் கொண்டே அளந்தார்கள்: அணுக் காந்தங்களுக்கான அலகில் 10.1 போர் மேக்னட்டான். இரண்டு ஹோல்மியம் அணுவில் நான்கு விதமான சேர்க்கைகளையும் எழுதிப் படித்தார்கள். எழுதியது பல மணி நேரம் அழியாமல் இருந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் அணு மேலே பார்க்கிறதா, கீழே பார்க்கிறதா என்ற நினைவைப் பற்றி. குவாண்டம் கணினிக்கு வேண்டியது இன்னொரு ஆயுள். மேலும் கீழும் ஒரே நேரத்தில் கலந்த நிலையில் ஸ்பின் எவ்வளவு நேரம் தாளம் தப்பாமல் இருக்கும் என்பது அது. அந்த ஆயுள் பெரும்பாலும் இதைவிட மிகக் குறுகியது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும், இங்கே கலந்தால் இரண்டும் கெட்டுவிடும்.

எல்லாம் கேட்டுவிட்டு சித்தப்பா நேராக விஷயத்துக்கு வந்தார். "இது நம்ம ஐஸ் பெட்டில வச்சா நிக்குமா?"

நிற்காது. மீன் பெட்டி ஐஸ் 273 கெல்வின். 2018இல் இதே ஹோல்மியம் அணுவைச் சூடேற்றிக்கொண்டே போய்ப் பார்த்தார்கள். 35 கெல்வினில், அதாவது பூச்சியத்துக்குக் கீழே 238 டிகிரியில், பல நிமிடம் நின்றது. 8 டெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு) எதிர்க் காந்தப்புலம் போட்டும் புரளவில்லை. 45 கெல்வினில் முதல் முறையாக அதுவாகவே புரண்டது.

"அம்புட்டு கூலா வச்சாத்தான் நிக்கும்னா, அந்த அணுவ மாத்தணும், இல்ல உக்காந்திருக்க எடத்த மாத்தணும்" என்றார்.

இரண்டையும்தான் மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இரிடியம் என்ற உலோகத்தின் மேல் ஓர் அணு தடிமனுக்குக் கிராஃபீன் என்ற கார்பன் படலத்தை விரித்து, அதன் மேல் டிஸ்ப்ரோசியம் அணுவை வைத்தார்கள். அதே டிஸ்ப்ரோசியத்தை மெக்னீசியம் ஆக்சைடின் மேலும் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு இடத்திலும் அது காந்தத்தை நினைவில் வைத்துக்கொண்டது. சித்தப்பா உடைந்த துண்டுகளில் பெரியதை எடுத்து, பழைய நைலான் கயிற்றிலேயே மறுபடி முடிச்சுப் போட்டார்.